பத்து நிமிஷ வேலை

ஊசியக்கா என்றால்தான் அந்த நாலு தெருவுக்கும் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஊசியை வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவது அவள் வேலை. கை அவ்வளவு லேசு. ஊசியை எடுத்த பிறகுதான் பிள்ளைகளுக்கு அழவே ஞாபகம் வரும்.

புருஷன் சைக்கிள் கடைக்காரர். சும்மா பஞ்சர் ஒட்டுகிற ஆள் இல்லை. வண்டியை ஆளுக்குத் தக்கபடி பொருத்திக் கொடுப்பதில் மனுஷன் கில்லாடி. ஆளைச் சீட்டில் உட்காரவைத்து, "குதிகாலைப் பெடல்ல வை, கீழ வரைக்கும் மிதி, கால் நேரா நிக்குதா?" என்பார். நின்றால்தான் நட்டை இறுக்குவார். ஹேண்டில்பாரையும் கைக்கு வாகாக வைத்துக் கொடுப்பார். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அவர் கடை வாசலில் தவம் கிடப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர் பெண்டாட்டியின் வண்டி இருந்த லட்சணத்தைக் கேளுங்கள். யாரோ ஒரு நெட்டைக்காரன் விற்றுவிட்டுப் போன வண்டி. சீட்டுக் கம்பி துருவேறி அவன் உயரத்திலேயே இறுகிக்கொண்டது. ஊசியக்காவோ குள்ளம். ஒவ்வொரு மிதிக்கும் நுனிக்காலால் எட்ட வேண்டும். இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். நிறுத்தினால் கால் தரைக்கு எட்டாது, குதித்துத்தான் இறங்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாளா? பன்னிரண்டு வருஷம் இந்தக் கூத்து!

"ஏங்க, அந்தச் சீட்டைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்களேன்."

"நம்ம வண்டிதானே, எங்க ஓடிடப் போகுது? நாளைக்குப் பார்க்கலாம்."

அந்த நாளைக்கு வரவே இல்லை. அவளுக்குக் கோபம் வராமல் இல்லை. வந்தால் ஒரு சாக்கைச் சொல்லித் தானே அடக்கிக்கொள்வாள். மனுஷன் விடியும் முன்னே கடைக்கு ஓடிவிடுகிறார், நான் வண்டி ஓட்டுவதை எங்கே பார்த்தார்? என் காலுக்கு அந்தச் சீட்டு எவ்வளவு உயரம் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

போன மாதம் முட்டி வீங்கி, காலை மடக்க முடியாமல் போயிற்று. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "தேஞ்சது தேஞ்சதுதாம்மா, திரும்பி வராது. மிச்சத்தையாவது காப்பாத்து. சீட்டை இறக்கு, இல்லேன்னா வேலையை விடு."

வேலையை விட்டால் அப்புறம் அவளை ஊசியக்கா என்று யார் கூப்பிடுவார்கள்? வண்டியைத் தள்ளிக்கொண்டு புருஷன் கடைக்கே போய், வரிசையில் நின்றாள்.

"நீ வீட்டு ஆளு. மத்தவங்க முதல்ல போகட்டும்" என்றார். போனார்கள். இருட்டுகிறவரை ஒவ்வொருத்தராகப் போனார்கள். கடைசியில் ஷட்டரை இழுத்துவிட்டு, "உடம்பெல்லாம் அசதியா இருக்கு, நாளைக்குப் பண்ணித் தரேன்" என்றார்.

மறுநாள் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த வேறொரு கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரன் துருவில் எண்ணெய் விட்டான், நாலு தட்டு தட்டினான், கம்பியைத் திருகி இறக்கினான். "குதிகாலை வைங்கக்கா." வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கால் எட்டியது.

"பத்து நிமிஷ வேலை. இவ்வளவு நாள் வீட்ல யாரும் பார்க்கலியா?"

அவள் காசைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். வலி பாதியாகக் குறைந்திருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே மிதித்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்த புருஷன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அவள் வந்து, சீட்டில் இருந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். அவர் ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார்.

"எவன்கிட்ட போனே? ஒரு விரக்கடை கூடுதலா இறக்கி வச்சிருக்கான் மடையன்! உன் காலுக்கு இன்னும் கொஞ்சம் ஏத்தணும்."

"என் அளவு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம?" அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "உன்னைப் பார்த்த அன்னிக்கே தெரியும். இறங்கு, ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்."

பன்னிரண்டு வருஷமாக அவருக்காக அவள் வைத்திருந்தது அந்த ஒரே ஒரு சாக்கு. அதையும் அவர் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

"வண்டியைத் தொட்டீங்க, நடக்கறதே வேற" என்றாள்.