ரெண்டு பூசணிக்காயும் என் நன்றியுரையும்

எங்க ஊரில் ஒருத்தருக்கு நன்றி சொல்வது லேசான காரியம் இல்லை. உதவி வாங்குவது சுலபம். தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். வேலையெல்லாம் முடிந்து, மைக்கைப் பிடித்து, இவருக்கு முதல் நன்றி, அவருக்கு அடுத்த நன்றி என்று ஆரம்பிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் வம்பு. கோயில் ஊர் இல்லையா? யாருக்கு முதல் மாலை, யாருக்கு ரெண்டாவது மாலை என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண்கள். பேர் பின்னால் வந்துவிட்டது என்று பந்தியில் உட்காராமல் கிளம்பிப் போன பெரிய மனுஷர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரில், அஞ்சாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு நன்றியுரையைக் கொடுத்தார் என் சித்தப்பா. அதுவும் மோட்டார் சைக்கிள் கிளப்புக்கு.

பிள்ளைகளே, இப்போது ரோட்டில் பெரிய பெரிய பைக்கில் போகிற அண்ணன்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறீர்களே, அப்போது எனக்கு அப்படி ஒருத்தர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். வாரமெல்லாம் சித்தப்பா தறியில் உட்கார்ந்து சேலை நெய்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேறு ஆள். ஷூ போட்டு, ஹெல்மெட் மாட்டி, தன் டூ ஸ்ட்ரோக் வண்டியை உதைத்தால் தெருவே புகையாகும். அவர் ஆரம்பித்த கிளப்பில் நெசவாளிகள் இருந்தார்கள், பட்டுக்குச் சாயம் போடுகிறவர் இருந்தார், தாமல் பக்கத்து விவசாயிகள் இருந்தார்கள், ஒரு பேங்க் ஆபீசர்கூட இருந்தார். எல்லாரும் வரிசையாகத் தாமல் ஏரிக்கரை வரை போவார்கள், டீ குடிப்பார்கள், வண்டியைத் துடைப்பார்கள், திரும்பி வருவார்கள்.

"டீ குடிக்கிறதுக்கு ஒரு சங்கமா?" என்று அம்மா கேட்பாள்.

"அண்ணி, நீங்க வேணா பாருங்க, ஒரு நாள் ரேஸ் டிராக்ல ஓட்டுவோம்" என்பார் சித்தப்பா.

சென்னை போகிற வழியில் ஒரு பந்தயத் தடம் இருந்தது. அதை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, போட்டி இல்லாமல், பரிசு இல்லாமல், அவரவர் வண்டியை மனசு ஆறுகிற வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதற்கு டிராக் டே என்று பேர். சித்தப்பா அலைந்து திரிந்து அதற்கு அனுமதி வாங்கிவிட்டார். ஆனால் அவருக்கு இருந்த கவலை தடத்தைப் பற்றி இல்லை. கிளப்பைப் பற்றி.

எங்க ஊருக்கு ரெண்டு பகுதி, கிளப்புக்கும் ரெண்டு தூண்கள். ஒருத்தர் பெரிய காஞ்சிபுரத்து ஜரிகைக்கடைக்காரர். வேன், சாப்பாடு, பந்தல் எது வேண்டுமானாலும் அவர்தான். இன்னொருத்தர் சின்ன காஞ்சிபுரத்து மெக்கானிக். அவர் கை படாத வண்டி கிளப்பில் கிடையாது. முந்தின வருஷம் கிளப் ஆண்டு விழாவில் நன்றி சொன்னவர், மெக்கானிக்கின் பேரைக் கடைசியில் சொல்லிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. அவர் முறை வந்தபோது சால்வை தீர்ந்துபோய்விட்டது. யாரோ அவசரத்துக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டார்கள்.

"பட்டு ஊர்ல எனக்குத் துண்டாய்யா?" என்று மெக்கானிக் மேடையிலேயே கேட்டார். சால்வை வாங்கி வந்தவர் ஜரிகைக்கடைக்காரர். அன்றோடு ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. மெள்ள மெள்ளக் கிளப்பிலும் அவர் பக்கம் பாதி, இவர் பக்கம் பாதி என்று ஆனது. டீக்கடையில்கூட ரெண்டு பெஞ்சு.

"இன்னொரு வாட்டி நன்றி சொல்றதுல தப்பாச்சின்னா, கிளப் ரெண்டா ஒடைஞ்சிடும்" என்று சித்தப்பா அப்பாவிடம் சொன்னார். "அதான் ஒரு யோசனை. சால்வையே வேணாம். பேச்சு மட்டும். அதையும் இவனைப் பேசச் சொல்லிடுவோம். சின்னப் பையன் சொன்னா யாரு கோவிச்சுக்கப் போறாங்க?"

அப்பா அதிகம் பேசமாட்டார். தறியை நிறுத்தாமல், "அந்த ரெண்டு பேர்ல இவன் யாரை மொதல்ல சொல்லுவான்?" என்று கேட்டார்.

அதற்கும் சித்தப்பா வழி வைத்திருந்தார். பேரே சொல்லக் கூடாது. பெரிய காஞ்சிபுரத்து அண்ணனுக்கும் சின்ன காஞ்சிபுரத்து அண்ணனுக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

"அப்பவும் பெரிய காஞ்சிபுரம் முன்னாடி வருதேடா" என்றார் அப்பா.

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "பேசாம கொழந்தைய எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடச் சொல்லுங்கபா" என்றாள். அந்த நல்ல யோசனையை யாரும் காதில் வாங்கவில்லை. நான் தினமும் சித்தப்பாவின் தறிப் பக்கத்தில் நின்று, தடத்தில் உதவிக்கு வரப்போகிற டாக்டர் முதல் சமையல்காரர் வரை வரிசையாக ஒப்பித்தேன். தறிச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி என் குரலும் நன்றாகத் திறந்துகொண்டது.

அந்த நாள் வந்தது. தடத்தை முதலில் பார்த்தபோது ஓடிப்போய்க் கையால் தொட்டுப் பார்த்தேன். கறுப்பாக, மேடு பள்ளம் இல்லாமல், தறியில் பாதி நெய்த சேலை மாதிரி இழுத்துப் பிடித்த ரோடு. ஒரு மாடு இல்லை, ஒரு ஆட்டோ இல்லை.

இப்போது எங்க ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டி புதிதாக ஒரு இடத்துக்குப் போனால் பூஜை போடாமல் கிளப்பமாட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம், திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்போம். மெக்கானிக் ஒரு பூசணிக்காய் கொண்டுவந்திருந்தார். ஜரிகைக்கடைக்காரரும் ஒன்று கொண்டுவந்திருந்தார். அவர் கொண்டுவந்தது இவருக்குத் தெரியாது, இவர் கொண்டுவந்தது அவருக்குத் தெரியாது. ஒருத்தர் உடைத்ததும் அடுத்தவர் சும்மா இருப்பாரா? அவரும் தூக்கிப் போட்டார். குங்குமம் கரைத்து ஊற்றிய ரெண்டு பெரிய காய்கள், தடத்தில் வண்டிகள் கிளம்புகிற அந்த வெள்ளைக் கோட்டு மேலேயே சிதறின. அதன் மேல் அத்தனை வண்டிகளும் அத்தனை எலுமிச்சம்பழங்களையும் நசுக்கின. நாங்கள் கை தட்டினோம்.

விசில் சத்தம் கேட்டது. தடத்துக்குப் பொறுப்பான அம்மா ஒருத்தர், கையில் சிவப்புக் கொடியோடு ஓடி வந்தார். சென்னைக்காரர். கோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"யாருங்க இதைச் செஞ்சது?"

மெக்கானிக் வானத்தைப் பார்த்தார். ஜரிகைக்கடைக்காரர் வேறு பக்கத்து வானத்தைப் பார்த்தார்.

"அந்த வேகத்துல வர்ற வண்டி ஒரே ஒரு விதை மேல ஏறினாலும் ஆள் பறந்துடுவாரு, தெரியுமா? மொத்தமும் சுத்தமாகாம ஒரு வண்டியும் கிளம்பாது. மத்தியானத்துக்கு மேல தடம் வேற ஆளுங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, கொடியை ஊன்றி அங்கேயே நின்றுவிட்டார்.

பேங்க் ஆபீசர் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். பூசணிக்காயின் வழவழப்பு இன்னும் பரவியது. தாமல்காரர் ஒருத்தர் வழுக்கி உட்கார்ந்தார். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். "யாரு பூசணிக்காய் கேட்டது?" என்று இந்தப் பாதி. "எங்களைச் சொல்றியே, உங்க ஆளு உடைக்கலையா?" என்று அந்தப் பாதி. சித்தப்பா நடுவில் நின்று ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். கிளப் அங்கேயே உடைந்துவிடும் போல இருந்தது.

அப்போதுதான் அதிகம் பேசாத என் அப்பா பேசினார்.

"தண்ணி ஊத்தாதீங்கபா! எல்லாரும் பாவுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க!"

நெய்வதற்கு முன்னால் சேலையின் நீள நூலை, அதாவது பாவை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவோம். ரெண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கமாக நின்று, ஒட்டிய நூலைப் பிரித்து, அறுந்த இழையை முடிந்து, அடி அடியாக நகர்வார்கள். தலைமுடியைவிட மெல்லிசான ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கண்களுக்குத் தப்பாது. அப்பா சொன்னதும் நெசவாளிகள் எல்லாரும் தடத்துக்குக் குறுக்கே வரிசையாக மண்டி போட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். டாக்டர் போட்டார், ஆம்புலன்ஸ் டிரைவர் போட்டார், இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவும் சித்தியும் புடவையைச் செருகிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் மூட்டையைப் பிரித்து எல்லாருக்கும் வீசினார். ஜரிகைக்கடைக்காரர் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி, ஒவ்வொரு சாணாகத் துடைத்து, வரிசை முன்னால் நகர்ந்தது.

இடத்தைப் பார்த்து யார் உட்கார்ந்தார்கள்? வரிசை நெருங்க நெருங்க, நடுவில் மெக்கானிக்கும் ஜரிகைக்கடைக்காரரும் தோளோடு தோளாக வந்துவிட்டார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் விதை போடுகிற டப்பாவோடு நின்றேன்.

மெக்கானிக் ஒரு விதையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "யோவ், இது உன் காய் வெத. என்துல வெதையே கெடையாது. பிஞ்சு."

ஒரு வருஷம் கழித்து ஜரிகைக்கடைக்காரரிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"பிஞ்சுக் காயை எவனாவது திருஷ்டிக்கு ஒடைப்பானாய்யா?" என்று திரும்பினார் ஜரிகைக்கடைக்காரர். "அதான் இவ்ளோ வழவழன்னு கெடக்குது. முத்தின காயா இருந்தா ஓடு ஓடாப் போயிருக்கும், பொறுக்கிப் போட்டுட்டு வண்டி எடுத்திருப்போம்."

"கடையில பட்டு ஜரிகை பார்க்கத் தெரியும், காய் பார்க்கத் தெரியுமா உனக்கு?"

"உனக்குத் தெரிஞ்ச லட்சணம்தான் முட்டியெல்லாம் ஒட்டிக்கினு இருக்குதே!"

டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். "சித்தப்பா, ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கினு இருக்காங்க!"

சித்தப்பா குனிந்த தலை நிமிராமல், "வேலையப் பாருடா" என்றார். அவர் முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அந்த நிமிஷமே, ஒப்பித்து வைத்திருந்த நன்றி வரிசை முழுதும் என் தலையிலிருந்து கழன்றுபோய்விட்டது.

துடைத்து முடித்ததும் பொறுப்பாளர் அம்மா குனிந்து, கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தும் பார்த்தார். "இந்தக் கோடு இவ்ளோ வெள்ளைன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்று சொல்லி, பச்சைக் கொடியை எடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். பழைய வண்டிகள்தான். கடன் வாங்கிய ஜாக்கெட்டுகள்தான். ஆனால் வளைவில் சித்தப்பா வண்டியைச் சாய்த்த சாய்ப்பில், முழங்கால் தரையைத் தொட்டுவிடும் என்று சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஆபத்து என்றால் காட்டுவதற்கு அப்பா வளைவில் மஞ்சள் கொடியோடு நின்றார். ஒரு நொடி கூடக் கண்ணை எடுக்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. டாக்டருக்கு ஒரு கட்டுப் போடுகிற வேலைகூட வரவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் அம்மாவிடம் ரெண்டாவது முறை இட்லி வாங்கிச் சாப்பிட்டார். மெக்கானிக் ஓடி ஓடி ஒவ்வொரு வண்டியாகக் காது கொடுத்துக் கேட்டு அனுப்பினார். நின்றுபோன வண்டிகளை ஜரிகைக்கடைக்காரர் தன் வேனில் ஏற்றி வந்து அவர் முன்னால் இறக்கினார். அவர்கள் யாருக்கும் நான் அன்றைக்கு ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

ஏனென்றால் கடைசியில் மைக்கை என் கையில் கொடுத்தபோது, என் தலையில் ஒரு பேரும் இல்லை. எல்லாரும் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். சித்தப்பா, "டாக்டர், டாக்டர்" என்று வாயை அசைத்தார். எனக்கு அதுவும் விளங்கவில்லை. வகுப்பில் எங்க டீச்சர் கேட்பது மாதிரி ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"இன்னிக்கு ஒதவி செஞ்சவங்கல்லாம் கை தூக்குங்க!"

ஒரு கையும் எழும்பவில்லை. தானே கையைத் தூக்கி, நான்தான் உதவி செய்தேன் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்? எனக்கு அதெல்லாம் தெரியாது. "யாருமே ஒதவி செய்லியா?" என்று மைக்கிலேயே கேட்டேன்.

மெக்கானிக் முதலில் எழுந்தார். பக்கத்தில் விரலை நீட்டினார். "தோ, இந்த ஆளுக்குச் சொல்லுபா. நூறு கிலோ பூசணிக்காய் கொண்டாந்து நம்ம எல்லாரையும் மண்டி போட வெச்சாரு."

"அவருக்கு மொதல்ல சொல்லு தம்பி" என்றார் ஜரிகைக்கடைக்காரர். "பிஞ்சுக் காய் வள்ளல்! இன்னிக்கு நின்ன வண்டியெல்லாம் அவரு கை பட்டுத்தான் திரும்ப ஓடுச்சு. அவருக்கு மொதல்ல."

"இல்ல, அவருக்கு."

"யோவ், சின்னப் பையனைக் குழப்பாத. உனக்குன்னா உனக்குத்தான்."

அதற்குள் டாக்டர் ஆம்புலன்ஸ் டிரைவரைக் காட்டினார், டிரைவர் அம்மாவைக் காட்டினார், அம்மா அப்பாவைக் காட்டினாள். யார் கை யாரைக் காட்டுகிறது என்றே தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன். பொறுப்பாளர் அம்மா வந்து மைக்கை வாங்கி, "அடுத்த வருஷமும் வாங்க. பூசணிக்காயை மட்டும் கேட்டுக்கு வெளியிலயே ஒடைச்சிட்டு வாங்க" என்றார். நன்றியுரை அதோடு முடிந்தது.

சித்தப்பாவின் வண்டி கடைசிச் சுற்றில் பிஸ்டன் ஜாம் ஆகிவிட்டதால், அதை வேனில் ஏற்றி, நானும் அவரும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். ஜரிகைக்கடைக்காரர் ஓட்டினார். கிளம்பும்போது மெக்கானிக் தன் வண்டியை வேறு ஒருத்தரிடம் ஓட்டிவரச் சொல்லிவிட்டு, வேனின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சண்டை இன்னும் பாக்கி இருந்தது. முத்தின காயா, பிஞ்சுக் காயா? துண்டு போர்த்தியது யார் குற்றம்? அந்தச் சால்வையை எந்தக் கடையில் வாங்கினாய்? ஒருத்தரை ஒருத்தர் பேசவே விடவில்லை.

சுங்குவார்சத்திரம் தாண்டியும் சண்டை நிற்கவில்லை.

"சித்தப்பா, இன்னும் சண்டை போட்டுக்கினே இருக்காங்க. நீ ஏதாவது சொல்லேன்" என்றேன்.

"ஷ்! குறுக்க பேசாதடா" என்றார். ரேடியோவில் பிடித்த பாட்டு வந்தால் கேட்பதுபோலச் சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டார்.

ஆசை ஆசையாகத் துடைத்த வண்டி கெட்டுப்போய்ப் பின்னால் கிடக்கிறது. எந்தச் சண்டை வரக் கூடாது என்று வருஷமெல்லாம் பயந்தாரோ, அது முன்சீட்டில் நடக்கிறது. இவர் சிரித்துக்கொண்டு வருகிறார். பாவம், காலையிலிருந்து வெயிலில் நின்று தலைக்கு ஏதோ ஆகிவிட்டது, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லி இவருக்கு மோர் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.