மாதாமாதம் போன தந்தி

நேற்று அக்காவின் காரியத்தில் ஒரு சொல் காதில் விழுந்தது.

சொன்னவன் பாஸ்கர். அக்காவின் கணவருக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்தவன். படிக்க ஊருக்கு வந்த நாளிலிருந்து அக்காவிடம் ஒட்டிக்கொண்டவன்; அவளுக்குக் கொள்ளி வைத்தவனும் அவன்தான். நல்லவன். (காபியைச் சத்தமாக உறிஞ்சுவான். அதைத் தவிர அவனிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.)

வந்தவர்களிடம் கண் கலங்கிச் சொன்னான்: "பெரியம்மா மலடியா இருந்தாலும் எனக்கு ஒரு கொறையும் வச்சதில்லைங்க."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

ஆயுள் முழுக்க அக்காவுக்கு இந்த ஊர் கொடுத்த பெயர் அது! ஆகவே எழுதுகிறேன். எண்பது தாண்டியவளுக்குக் கூச்சம் எதற்கு?

ஐம்பதுகளின் கடைசியில் அக்கா சரோஜாவை எங்கள் அல்சூரிலிருந்து பக்கத்துப் பேட்டையான ஜோகுபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்கு வேலை மலநாட்டில், அணை கட்டும் இடத்தில். அக்காவை அங்கே அனுப்ப அவள் மாமியார் சம்மதிக்கவில்லை. "மலேரியா காட்டுல எம் மருமவளை வைக்கறதா?" என்றார்.

எனவே மாமா மாதம் ஒருமுறை லீவில் வருவார். எப்போது வருவது என்பதை மாமியார் முடிவு செய்வார்.

அக்கா விலக்காகிப் பின்கட்டில் உட்கார்ந்த அன்றே தந்தி பறக்கும். "மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி."

மாமா ரயிலேறி வந்து சேரும்போது அக்கா தலைக்குக் குளித்து உள்ளே வந்திருப்பாள். குளித்த கையோடு சேர்ந்தால்தான் கரு தங்கும் என்பது மாமியாரின் தீர்மானம். மாமா நாலைந்து நாள் இருப்பார். பிறகு அணைக்குத் திரும்பிவிடுவார்.

(அவருடைய மேலதிகாரி ஒருமுறை கேட்டாராம்: "என்னய்யா, உங்கம்மாவுக்கு மாசாமாசம் கரெக்டா சீரியஸாவுது?")

முதல் வருடம் அதைச் சொல்லிச் சிரித்தோம். நான்காவது வருடம் யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்போது கான்வென்ட்டில் கடைசி வகுப்பு. உடற்கூறு பாடம் எடுத்தவர் நர்ஸ் பயிற்சி பெற்ற ஒரு கன்னியாஸ்திரி. அந்தப் பாடம் வந்ததும் கதவைச் சாத்தினார். கரும்பலகையில் கருப்பையை வரைந்தார். நதிகளைப் பற்றிச் சொல்வது போன்ற குரலில் விளக்கினார்.

தீட்டு என்பது அழுக்கு அல்ல. கருவை எதிர்பார்த்துக் கருப்பை தனக்குள் ஒரு மெத்தை விரிக்கிறது. கரு வராவிட்டால் அதைக் கலைத்துவிடுகிறது. முட்டை வெளிவருவது குளித்த கையோடு அல்ல. அடுத்த தீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால். வெளிவந்த முட்டை ஒரு நாள் உயிரோடு இருந்தால் அதிகம். தீட்டு தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு முட்டையும் தள்ளித்தான் வரும்.

அக்காவின் நாட்களை விரல்விட்டு எண்ணினேன்.

அக்காவுக்கு எப்போதும் தள்ளித்தான் வரும். ஐந்து வாரம் ஆகும். அது பால்காரிக்குக்கூடத் தெரியும்! பின்கட்டில் உட்கார வைத்து ஊருக்கே தெரியப்படுத்தியிருந்தார்களே.

அப்படியானால் அவளுடைய முட்டை வரும்போது மாமா அணையில் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே ஜோகுபாளையம் போனேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, தந்தியை ரெண்டு வாரம் கழிச்சு அனுப்புங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டார். முழுவதும் கேட்டார்.

"யாருடி சொன்னது?"

"எங்க சிஸ்டர்."

"புருசன் மூஞ்சியே பாக்காதவ, ஏழு பெத்தவளுக்கு வழி காட்றாளா?"

"உங்க வீட்டுக்காரர் கூடவே இருந்தாரு அத்தை. உங்களுக்கு எந்த நாளா இருந்தாலும் சரிதான்."

அவ்வளவுதான். கீரைக்கட்டு என் தோளைத் தாண்டிப் பறந்தது. "கல்யாணமாவாத பொண்ணு பேசற பேச்சா இது? சரோஜா, உந்தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயி வாசல்ல விடு!"

வாசலில் அக்கா கேட்டாள்: "நெஜமாவாடி? எங்கிட்ட ஒண்ணும் கோளாறு இல்லையா?"

"இருக்கற மாதிரி தெரியலக்கா. நீங்க தப்பான நாள்ல பாத்துக்கறீங்க."

அவள் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை மாமா வந்தபோது அவளே கேட்டாளாம். அவர் சொன்ன பதில்: "அம்மா தந்தி குடுக்காம நான் எப்படி வர்றது? ஆபீஸ்ல என்னான்னு சொல்றது?"

தந்தி பழையபடியே போனது. இரண்டு வருடம் கழித்து மாமாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். முதல் மனைவி இருக்க இன்னொரு கல்யாணம் கூடாதென்று சட்டம் அதற்குள் மாறியிருந்தது. ஜோகுபாளையத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு அல்சூருக்குத் திரும்பினாள்.

புதியவளை மாமா அணைக்கட்டு குவார்ட்டர்ஸுக்கே அழைத்துப் போனார். (மலேரியா என்ன ஆனதோ!) வருடம் திரும்புவதற்குள் பாஸ்கர் பிறந்தான்.

கூடவே இருந்ததால் பிறந்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. வந்தவள் ராசிக்காரி என்றார்கள்.

நேற்று பாஸ்கரை உட்கார வைத்து இதைத்தான் சொன்னேன். கூடத்தில் இருந்த ஆண்கள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் அசையவில்லை.

"அப்ப அந்தத் தந்தி ரெண்டு வாரம் லேட்டா போயிருந்தா நான் பொறந்தே இருக்க மாட்டேன், இல்ல சித்தி?"

வேறு யாராவது என்றால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது வராது.

"பொறந்திருக்க மாட்டேப்பா."

காபியைத் தொடாமல் எழுந்து போனான். அக்காவின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். "மன்னிச்சிருங்க பெரியம்மா" என்றான். அவன் என்ன செய்தான், பாவம்?

இந்தப் பதிவின் கீழே இரங்கல் எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். அந்தச் சொல்லை மட்டும் எழுதாதீர்கள்.

அக்காவின் உடம்பு தன் வேலையைத் தவறாமல் செய்தது. மெத்தையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அந்த நாட்களில் வீட்டில் யாரும் இல்லை.