தலையேறாத பூக்கிரீடம்

ஸ்மரந்தாவுக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். அந்தப் பேர் சும்மா வரவில்லை. ரொட்டிக் கடைக்காரன் ஒருநாள் பழைய ரொட்டியைத் தலையில் கட்டப் பார்த்தபோது, அதை அவன் மேஜையிலேயே தட்டிக் காட்டி, "இத வச்சு ஆணி அடிக்கலாம் போலிருக்கே" என்றவள் அவள். ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போன இடத்திலும் மேஸ்திரி அவளைக் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போவான். அப்பேர்ப்பட்ட வாய் சாயங்காலத்தில் மட்டும் மூடிக்கொள்ளும். மகள் காத்ரினெல் போனில் பாடம் படித்துக் காட்டும் நேரம் அது.

புருஷன் விட்டுவிட்டுப் போனபின், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை அக்கா ஸ்தெலுத்சாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பிழைக்கப் போனாள். அப்போது பனிக்காலம். பிள்ளைக்கு ஒரு சொல்லைக் கூட்டிப் படிக்க வராது. முதல் எழுத்திலேயே முக்கிக்கொண்டு நிற்பாள், அப்புறம் அழுகை.

"மெதுவாப் படிடி கண்ணு. அம்மா எங்கயும் போகல" என்பாள் ஸ்மரந்தா. நாடு தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு வேறு என்னதான் சொல்வது?

கோடை பிறந்து செர்ரி பழுக்கும் நாளில் அதே பிள்ளை ஒரு நரிக்கதையை முழுசாகப் படித்து முடித்தது. கொட்டகையில் கூடத் தங்கியிருந்த பெண்களெல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்கள். ஸ்மரந்தா மூக்கைச் சிந்திக்கொண்டே ஊருக்கு பஸ் ஏறினாள்.

பள்ளி ஆண்டின் கடைசி நாளில் நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குப் பூக்கிரீடம் வைப்பார்கள். வைப்பது டீச்சர், வாங்கி வருவது பெற்றவர்கள். உன் பிள்ளைக்கு உண்டு என்று டீச்சர் முன்கூட்டியே காதில் போட்டால்தான் வாங்குவது வழக்கம். ஸ்மரந்தா யாரையும் கேட்கவில்லை. பிள்ளை படித்ததைத் தன் காதால் கேட்டவள் எதற்கு இன்னொருவரைக் கேட்க வேண்டும்? வெள்ளைப் பூவும் சின்ன ரோஜாவுமாகக் கட்டச் சொல்லி, பையில் வைத்துக்கொண்டு பள்ளி முற்றத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

பர்வுலெஸ்கு டீச்சர் பேர்களை வாசித்தார். முதல் கிரீடம் ரொட்டிக் கடைக்காரன் மகனுக்கு. பள்ளிக்கு வரும்போதே படிக்கத் தெரிந்த பையன் அவன். ஒவ்வொரு பேருக்கும் ஸ்மரந்தா பாதி எழுந்தாள், உட்கார்ந்தாள். பேர்கள் தீர்ந்துவிட்டன.

"டீச்சர், எம் பொண்ணு பேர விட்டுட்டீங்க."

"விடலம்மா. வகுப்புல மேல இருக்கறவங்களுக்குத்தான் கிரீடம். காத்ரினெல் இப்பத்தான் மத்தவங்கள எட்டிப் பிடிச்சிருக்கா."

"எங்கேருந்து ஓடிவந்து பிடிச்சா, அதப் பாத்தீங்களா?"

"உக்காருங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!" பையிலிருந்த கிரீடத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "பனிக்காலத்துல வாயே திறக்காத பிள்ளை இன்னிக்குக் கதை படிக்குது. இதுக்கில்லாத பூ வேற எதுக்கு?"

"ஆசையா வாங்கிட்டே, நீயே வச்சுக்க ஸ்மரந்தா!" என்று ரொட்டிக் கடைக்காரன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். முற்றமே சிரித்தது. காத்ரினெல் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாம்மா, போயிடலாம்."

அன்று சாயங்காலம் நரிக்கதைப் புத்தகம் கட்டிலுக்கடியில் கிடந்தது. அக்கா எடுத்து நீட்டினாள். பிள்ளை தொடவில்லை.

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுடி" என்றாள் ஸ்மரந்தா.

"எனக்குப் படிக்க வராது."

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. கிரீடம் இல்லியே."

ஸ்மரந்தா அக்கா கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அரை வருஷமாக எழுத்தெழுத்தாகப் பிள்ளை சேர்த்ததை அரை மணி நேரத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டார்களே பாவிகள்! ஏழு வயசுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இவளுக்குப் பூ, இவளுக்கு மொட்டைத் தலை என்று பிரிக்க எவன் கண்டுபிடித்தான் இதை?

விடிந்ததும் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அந்தப் பையோடு டீச்சர் வீட்டுக்கு நடந்தாள். பிள்ளைக்குப் படிக்க வரும் என்று டீச்சரின் வாய்தான் சொல்ல வேண்டும். கேட்டில் இருந்த மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. கட்டை விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

"உள்ளதான இருக்கீங்க? வெளிய வாங்க!"

காத்ரினெல் அவள் பாவாடையை இழுத்தாள்.

"அம்மா, அம்மா! மணி கெட்டுப்போச்சாம். ஜன்னலத் தட்டணுமாம்."

"யாரு சொன்னா உனக்கு?"

பிள்ளை கேட்டைக் காட்டியது. மணிக்கு மேலேயே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, டீச்சரின் கோழிக்கிறுக்கலில். கோபத்தில் ஸ்மரந்தாவின் கண்ணில் அது படவே இல்லை.

அவள் விரல் மணியிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் சத்தத்துக்கு ஜன்னலைத் திறந்து, பிள்ளை சொன்னதைக் கேட்ட டீச்சரும் அப்படியே நின்றார்.

"கேட்டீங்களா டீச்சர்?"

டீச்சரின் முகம் சிவந்தது. "கேட்டேன். நல்லாப் படிச்சே, காத்ரினெல்" என்றார் தணிந்த குரலில்.

"இத நேத்து அத்தன பேர் முன்னாடி சொல்லியிருந்தா, வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்திருக்கும்?"

பையிலிருந்த கிரீடம் வாடிப் போயிருந்தது. அதை எடுத்து டீச்சர் வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.