நான் நட்ட முடி

செம்பூரில் முடி நடும் கிளினிக் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். தலையின் பின்பக்கத்திலிருந்து டாக்டர் பிடுங்கித் தரும் முடிகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பிரிக்க வேண்டும். பிறகு நெற்றிக்கு மேலே டாக்டர் போட்டிருக்கும் துளைகளில் ஒவ்வொன்றாக நட வேண்டும். குளிர்ந்த தட்டில், வேரில் ஒட்டிய துளிச் சதையோடு, உடம்பை விட்டு வந்த பிறகும் அவை சாகாமல் கிடக்கும். சேர்ந்த புதிதில் அந்தத் தட்டைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

அங்கே வந்த ஒரு பையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் தாராவிக்காரன்தான், தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. முதல் தடவை வந்தபோதே டாக்டர் அவனைத் திருப்பி அனுப்பினார். "இந்த வயதில் எது வரைக்கும் கொட்டும் என்று தெரியாது. ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடு, அப்புறம் பார்க்கலாம்" என்றார். ஒரு வருஷம் கழித்து வந்து, சாப்பிட்டேன் என்றான். நாள் குறித்தோம்.

அன்று குப்புறப் படுத்திருந்தான். தலை மரத்துப்போயிருந்தது. பாதிக்கு மேல் எடுத்து முடித்துவிட்டோம். திடீரென்று கீழேயிருந்து தமிழில் பேசினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். அந்த மாத்திரைய நான் முழுங்கவே இல்ல. ஆம்பளத்தனமே போயிரும்னு பட்டறையில எல்லாரும் சொன்னானுவ. பயந்து தூரப் போட்டுட்டேன்."

என் கை நின்றது. தட்டு நிறைய அவன் முடி. டாக்டர் மராத்திக்காரர், தமிழ் தெரியாது. "க்யா போல் ரஹா ஹை?" என்று கேட்டார், என்ன சொல்கிறான் என்று.

"டர் ரஹா ஹை" என்றேன். பயப்படுகிறானாம்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பாதியில் நிறுத்தினால் யார் பதில் சொல்வது என்று தோன்றியது. முடிந்ததும் அவனிடம், "இன்னிலருந்தாவது ஒழுங்கா சாப்பிடு, ஏதாவது தொந்தரவுன்னா டாக்டர்ட்ட சொல்லு" என்றேன். தலையாட்டினான். வருஷக் கடைசியில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டபோது முடி நன்றாக வளர்ந்திருந்தது. அதோடு வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தின் மேல் நின்றிருந்தேன். கீழேயிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். அதில் ஒரு தலை. முன்னால் கறுப்பாக, அடர்த்தியாக ஒரு பட்டை முடி. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் தோல் வெயிலில் மினுங்கியது. இடது ஓரத்தில் நாலைந்து முடி எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது என் கை பிசகி நட்டது. முகத்தைப் பார்க்கும் முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

முகக்கவசம் இல்லாமல் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பேசினேன். குரலைக் கேட்டதும் சட்டென்று கையைத் தலைமேல் வைத்தான்.

"மேல பாக்காதிய அக்கா."

"மாத்திரை?"

"இல்ல." படியோரம் ஒதுங்கினான். "கண்ணாடியில பாத்தா நான்தான் இருக்கேன். யாராவது மேல இருந்து போட்டோ எடுத்துக் காட்டுனா, அது யாருன்னே தெரியல. பிணத்தப் பாத்த மாதிரி இருக்கு."

மறுநாள் அவனைக் கிளினிக்குக்கு வரவழைத்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். முன்னால் நட்டது பின்தலை முடி, அது பெரும்பாலும் கொட்டாது. நடுவில் இருந்தது அவனுடைய பழைய முடி, அதைக் காப்பாற்றத்தான் மாத்திரை. சிலருக்கு அவன் பயந்த தொந்தரவு வருவதும் உண்டு, வந்தால் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. மறுபடி எடுத்து நடப் பின்தலையில் அதிகம் மிச்சமில்லை. இப்போது ஆபரேஷன் வேண்டாம்.

அவன் போனதும் நான் அன்று சொன்ன பொய்யைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அன்றைக்கே சொல்லியிருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

இந்தத் தடவை சாப்பிடுகிறான். அவன் பயந்தது எதுவும் வரவில்லை. போனது திரும்பவில்லை, இருப்பது நிற்கிறது. மாதாமாதம் உச்சந்தலையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறான். முகம் தெரியாமல், தலை மட்டும். போன வாரம் என் போனை நோண்டிக்கொண்டிருந்த மகள் அதையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டுப் போனைக் கட்டிலில் போட்டாள்.

"யாரும்மா இது? மூஞ்சியே இல்ல."

"தெரிஞ்ச பையன்தான்" என்றேன்.