உருண்டை எழுத்துப் புத்தகம்

எங்கள் வீட்டில் அந்த வருஷம் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது. ஒருத்தி என் அம்மா. இன்னொருத்தி என் சித்தி, அதாவது அப்பாவின் தம்பி மனைவி. "உங்க சித்திய சாப்பிடச் சொல்லு" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். சித்தி நாலடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். இருந்தாலும் நான் திரும்பி, "சித்தி, அம்மா சாப்பிடச் சொன்னாங்க" என்று சொன்ன பிறகுதான் தட்டை எடுப்பாள்.

இதற்குக் காரணம் எனக்கு அப்போதே தெரியும், தெருவுக்கே தெரியும். சித்தப்பா உப்பு லாரி ஓட்டினார். அம்மா தன் தங்கையை அவருக்குக் கட்டிவைப்பதாக இருந்தாள். பேசி முடித்து, புடவைகூட எடுத்தாயிற்று. அந்த நேரத்தில் ராஜமுந்திரிப் பக்கம் சரக்கு இறக்கப் போன சித்தப்பா, திரும்பி வரும்போது கழுத்தில் மஞ்சள் கயிறோடு ஒரு பெண்ணைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினார். அம்மா உள்ளே வரவேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

அதற்கடுத்த டிசம்பரில்தான் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் உப்புப் பாத்திகளில் சேறு ஏறிவிட்டது. 2005ஆம் வருஷக் கோடையில் மற்ற வருஷங்களைப் போல உப்பு வாரவில்லை, சேறுதான் வாரினார்கள். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே போய் வெயில் சாய்ந்த பிறகு வருவார்கள். இங்கே ஏற்றுவதற்குச் சரக்கு இல்லாததால் சித்தப்பா வேறு முதலாளியிடம் சேர்ந்து தூரத்து ஊர்களுக்கு வண்டி ஓட்டினார். வந்தால் ஒரு நாள் இருப்பார். எனக்குப் பள்ளி விடுமுறை. கடல் பக்கம் போகக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஆகவே பகல் முழுக்க அந்த வீட்டில் நானும் சித்தியும் மட்டும்தான்.

சித்தி ஊரில் பத்தாவது வரை படித்தவள். ஆனால் எங்கள் ஊரில் அவள் எழுத்தறியாதவள். கடைப் பலகை, பஸ் பலகை, ரேஷன் அட்டை எதுவும் அவளுக்குத் தெரியாது. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சேறு காய்ந்து வெயிலில் கண்கூசும் உப்பளத்தையும் அதற்கப்பால் போகும் சாலையையும் பார்த்தபடி நிற்பாள். லாரிச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவாள். சத்தம் நிற்காமல் போய்விட்டால் தலையும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அவள் பக்கத்தில் நானும் நிற்பேன். இரண்டு பேரும் பேசாமல் நின்றால் ஒரு மத்தியானம் எவ்வளவு நீளம் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

ஒரு நாள் கடைத்தெருவில் பஜ்ஜி வாங்கிவந்தேன். சித்தி பஜ்ஜியை என் தட்டில் வைத்துவிட்டுத் தாளைப் பிரித்துப் பிடித்தாள். முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். எண்ணெய் ஊறிய அந்தத் தாளில் முத்து முத்தாக உருண்டை எழுத்துகள் இருந்தன. பழைய பேப்பர் கட்டுகள் மெட்ராஸிலிருந்து வந்ததால், தமிழ்த்தாள்களுக்கு நடுவே ஒன்றிரண்டு தெலுங்குத் தாள்களும் கலந்து வந்திருக்க வேண்டும். சித்தி அன்று சாயங்காலம்வரை அதைப் படித்தாள். அதில் ஒரு கட்டுரையின் கடைசிப் பாதி மட்டும்தான் இருந்தது. முதல் பாதியை வேறு யாரோ பஜ்ஜியோடு கொண்டுபோயிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து நான் கடைகளை வலம்வர ஆரம்பித்தேன். பஜ்ஜிக் கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு, "ஏம்மா, நீ வாங்குறது அஞ்சு பஜ்ஜி, அதுக்கு இந்தக் கட்டு முழுக்கக் கலைச்சுப் போட்டா நான் எப்ப கட்டி வைக்கிறது" என்றார். அப்படியும் எப்போதாவது ஒரு துண்டு கிடைக்கும். சமையல் குறிப்பின் நடுப்பகுதி, ஒரு மரண அறிவிப்பு, தலைப்பு கிழிந்த செய்தி. சித்தி எல்லாவற்றையும் துடைத்து, தலையணைக்கு அடியில் வைத்து நிமிர்த்தினாள். பிறகு கடைக்கு வேறு இடத்துக் கட்டு வந்தது. உருண்டை எழுத்து நின்றுபோனது. சித்தி மறுபடியும் பின்கதவுக்குப் போனாள்.

அப்போதுதான் எனக்கு நூலகம் நினைவுக்கு வந்தது. எங்கள் கிளை நூலகத்தில் தெலுங்குப் புத்தகம் வேண்டும் என்று நான் கேட்டபோது நூலகர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இங்க தமிழே பாதி கிழிஞ்சு கிடக்குது" என்றார். பிறகு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு என்ன தோன்றியதோ, மாதா மாதம் கணக்குக் கொடுக்க விழுப்புரம் போவதாகவும், அங்கே பெரிய நூலகத்தில் பிற மொழிப் புத்தகங்களுக்கென்று தனி பீரோ ஒன்று இருப்பதாகவும், தேடிப் பார்ப்பதாகவும் சொன்னார். ஒரு சங்கடம் இருந்தது. அவருக்குத் தெலுங்கு எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாது. நான் வீட்டுக்கு ஓடி, சித்தியிடம் கேட்டு, ஒரு பஜ்ஜித் தாள் துண்டை வாங்கிவந்து கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையில் எண்ணெய் பரவியது.

அடுத்த மாதம் அவர் மேசைமேல் புத்தகத்தை வைத்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை இப்போதும் சொல்ல முடியும். கனமான புத்தகம். மேலட்டை போய், நூலகத்தில் போட்ட பச்சைக் காலிகோத் துணிக் கட்டு மட்டும் இருந்தது. தாள் துண்டைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "பாத்தியா? அதே உருண்டை, அதே சுழி. பீரோவுல அடியில கிடந்துச்சு. யாருமே தொட்டதில்ல." என் பெயரில் பதிந்து கொடுத்தார். வெயிலில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடுவரை ஓடினேன்.

சித்தி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். நடுவே திறந்தாள். விரல் வரியின்மேல் ஓடியது, நின்றது, திரும்பி வந்தது, மறுபடியும் ஓடியது. உதடு அசைந்தது. முதல் பக்கத்துக்குப் போனாள். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "கதையா சித்தி? நல்லா இருக்கா?" என்று கேட்டேன். அவள் என் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"கதைதான். ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு மத்தியானமும் சித்தி புத்தகத்தை விரித்துச் சத்தமாகப் படிப்பாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுத் தொட்டுப் படிப்பாள். எனக்கு ஒன்றும் புரியாது. அவள் குரல் அவ்வளவு நேரம் தொடர்ந்து வருவதைக் கேட்பதே போதுமாக இருந்தது. ஒரு பக்கம் முடிந்ததும், விரலை அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடி, தனக்குத் தெரிந்த தமிழில் கதையைச் சொல்வாள்.

ஆற்றங்கரையில் ஒரு பெண். அந்தப் பக்கம் சரக்குப் படகு ஓட்டிவரும் ஒருவன். அவள் வீட்டில் சொல்லாமல் படகில் ஏறிவிடுகிறாள். அவன் ஊரில் மரம் கிடையாது, நிழல் கிடையாது. அவன் நல்லவன்தான், ஆனால் எப்போதும் படகிலேயே இருக்கிறான். ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு எண்கள் இருந்தன. அது என்ன என்று கேட்டதற்கு, படகுக்காரனின் சரக்குக் கணக்கு என்றாள். கதைக்குள் கணக்கும் போட்டிருக்கிறார்களே என்று அந்தப் புத்தகத்தின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ராத்திரி சாப்பிடும்போது அன்றன்றைய கதையை நான் அம்மாவிடம் ஒப்பிப்பேன். முதல் சில நாள் அம்மா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சேற்றில் வெந்த பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். படகுக்காரன் வீட்டில் அந்தப் பெண்ணோடு யாருமே பேசுவதில்லை என்ற பகுதியைச் சொன்ன அன்று அம்மாவின் கை நின்றது. அவள் சித்தி இருந்த பக்கம் பார்க்கவில்லை. சித்தி விளக்கு மறைவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஊர்ல யார் யார் இருக்காங்களாம்? கேட்டுச் சொல்லு" என்றாள் அம்மா.

மறுநாள் கேட்டேன். சித்தி புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கம் சத்தமாகப் படித்தாள். வழக்கத்தைவிட வேகமாகப் படித்தாள். பிறகு, அவளுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான், அந்த அம்மாவும் படுத்த படுக்கையாக இருப்பதாக வேறொரு படகுக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனான் என்றாள். இதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அம்மாவுக்குக் கதையில் இப்படி ஒரு ஈடுபாடு வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் புத்தகம் படித்து நான் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து தினமும் ஒரு கேள்வி போகும். படகுக்காரன் அவளை ஏன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை? அடுத்த நடை, அடுத்த நடை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவள் வாய்விட்டுக் கேட்டாளா? கேட்டாள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாளா? இந்தக் கேள்விக்குச் சித்தி பக்கத்தைப் புரட்டவே இல்லை. அவர்களிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

கடைசிக் கேள்வி எனக்கு வார்த்தை தவறாமல் நினைவிருக்கிறது. அப்பா தூங்கிவிட்டார். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, "அவ தனியாப் போயிருவாளா, வழி தெரியுமான்னு கேளு. இப்பவே கேளு" என்றாள். நான் எழுந்துபோய்க் கேட்டேன். இருட்டில் புத்தகம் இல்லாமல் சித்தி எப்படிச் சொல்வாள் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அவளுக்கு அந்த இடம் மனப்பாடமாக இருந்தது.

"வழி தெரியும். படகு ஏத்தி விட ஒரு ஆள் இருந்தா போதும்."

விடிந்து நான் எழுந்தபோது சித்தி இல்லை. அம்மா அன்று உப்பளத்துக்குப் பிந்திப் போனாள். பஸ் நிறுத்தத்தில் பால் கேனோடு நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார்: பையை அம்மாதான் தூக்கிவந்தாளாம். மெட்ராஸ் பஸ் வரும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். பஸ் கிளம்பும்போது அம்மா தன் ரப்பர் செருப்பைக் கழற்றிச் சித்தி காலடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பினாளாம்.

அப்பா சத்தம் போட்டார். தம்பி வந்து கேட்டால் என்ன சொல்வது என்றார். "அவங்க அம்மாவுக்கு முடியலை" என்றாள் அம்மா. "உனக்கு யார் சொன்னா? நீதான் அவகூடப் பேசவே மாட்டியே" என்று அப்பா கேட்டார். அம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

எனக்கு வந்த கோபம் வேறு. கதை பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பெண் படகு ஏறினாளா, அவள் அம்மா பிழைத்தாளா, ஒன்றும் தெரியவில்லை. இதையெல்லாம் சொல்லாமல் சித்தி எப்படி ஊருக்குப் போகலாம்? புத்தகத்தைத் திறந்து அந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டு பின்கதவருகே உட்கார்ந்திருப்பேன். படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாத வீட்டில் அந்தப் புத்தகமும் நானும் ஒன்றாக இருந்தோம். சித்தப்பா அந்த மாதம் முழுக்க வரவில்லை. சித்தியிடமிருந்தும் ஒரு தகவல் இல்லை.

தவணை முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சாலையோரம் கர்நாடக லாரி ஒன்று வெயிலுக்கு ஒதுங்கி நின்றிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர், நான் நிழலுக்காக நின்றபோது புத்தகத்தைக் கை நீட்டிக் கேட்டார். திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. இது எங்கள் பாஷை, கன்னடம், இந்த ஊரில் இது எப்படி வந்தது என்றார். நான் தெலுங்கு என்றேன். ரெண்டு எழுத்தும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அவர் சிரித்துவிட்டுப் படித்தார். எழுத்தைத் தொடாமல், நிறுத்தாமல், பேசுவது போலப் படித்தார்.

"கதை எங்கே இருக்குது பாப்பா? பட்டுப்பூச்சி வளக்கிறது எப்படின்னு எழுதியிருக்குது. எலை எப்படி வெட்டணும், பூச்சிக்குச் சீக்கு வந்தா என்ன செய்யணும்" என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் பிடுங்கிக்கொண்டேன். பாவம், அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. அதை மறைக்க வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். இவ்வளவு பெரிய மனிதர் ஒரு சிறுமியிடம் பொய் சொல்லும்படி ஆனதே என்று இரக்கமாகக்கூட இருந்தது.

நூலகரிடம் புத்தகத்தைக் கொடுத்து, இதன் இரண்டாம் பாகம் வேண்டும் என்றேன். அடுத்த முறை விழுப்புரம் போகும்போது பார்க்கிறேன் என்றார்.

அன்று ராத்திரி அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பொண்ணு போய்ச் சேந்துட்டாளா? ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இந்தப் புத்தகத்துல அவ்வளவுதான்மா. ரெண்டாம் பாகம் கேட்டிருக்கேன்."

"வந்தா உடனே சொல்லு. நான் உப்பளத்துல இருந்தாலும் ஓடி வந்து சொல்லு" என்றாள்.

நான் பெருமையோடு சரி என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவையும் ஒரு புத்தகத்துக்கு இப்படிக் காத்திருக்க வைத்துவிட்டேன் என்று அன்று எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.