சர்க்கரைச் செய்தி படித்தவள்

நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் மகள் சத்யப்பிரியா, அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி எம்.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்னையில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். அது கிடைத்துவிட்டால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வழி உண்டு என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்றுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். இன்டர்வியூவில் பொருளாதாரச் செய்தியைத்தான் துருவுவார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து போனில் நான்கு ஆப், ஆறு யூடியூப் சேனல். அமெரிக்க வட்டி, அரபு நாட்டு எண்ணெய், தங்கம், டாலர், எதையும் விடவில்லை. காலையில் படித்தது மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகும். அதற்குப் படிக்காமலே இருந்திருந்தால் கண்ணாவது தப்பித்திருக்கும்.

அறைத்தோழி வினோதினிதான் வழி சொன்னாள். ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஆங்கில வணிக நாளிதழுக்குச் சந்தா கட்டுவது. ஆளுக்கொரு துறையை மட்டும் படித்து, தினமும் நாலு வரிச் சுருக்கத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. மற்றவர்கள் போட்டதை மனப்பாடம் செய்துவிட்டால் எல்லாம் படித்த மாதிரி! வங்கியை வினோதினி எடுத்துக்கொண்டாள். பங்குச் சந்தை, தங்கம், எண்ணெய் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டன.

“நெல்லிக்குப்பத்துக்காரிக்கு சக்கரையக் குடுங்கடி” என்றாள் ஐவரில் ஒருத்தியான ஜான்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

சத்யப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. கரும்பைத் தாண்டி வருவதற்குத்தானே இந்தப் படிப்பே. முதல் வாரம் கடனே என்று படித்தாள். மூன்றாவது வாரம், கரும்பிலிருந்து வடிக்கும் எத்தனாலுக்கு அரசு விலையை உயர்த்தினால் சர்க்கரை ஆலைப் பங்கு ஏன் ஏறுகிறது என்பது தானாகப் பிடிபட்டது. நேற்றைய செய்தியின் தொடர்ச்சி இன்றைக்கு வந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் மனசு அடித்துக்கொண்டது.

இன்டர்வியூ கடலூர் மஞ்சக்குப்பத்தில், நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில். ஐவரும் போனார்கள். இருந்தது ஒரே இடம். சத்யப்பிரியா நான்காவது, வினோதினி கடைசி.

உள்ளே மேலாளர் தில்லைநாதன் உட்கார்ந்திருந்தார். சமீபத்தில் படித்த முக்கியமான செய்தி எது என்று கேட்டார். சத்யப்பிரியா வினோதினியின் வங்கிச் சுருக்கத்தை எடுத்துவிட்டாள். அதுதான் கேட்பதற்குக் கனமாக இருக்கும். இரண்டாவது வரியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மூணாவது வரிய நான் சொல்லட்டுமா? முன்னாடி வந்த மூணு பேரும் வார்த்தை மாறாம இதையேதான் சொன்னாங்க. நீ இந்தச் செய்திய படிச்சியாம்மா?”

பொய் தொண்டை வரை வந்துவிட்டது.

“இல்ல சார். நான் படிச்சது சக்கரை மட்டும்தான்.”

“அப்ப அதச் சொல்லு.”

“இந்த வருஷம் கரும்பு ஜாஸ்தி, அதனால சக்கரையும் ஜாஸ்தி வரும்னு எழுதுறாங்க சார். எனக்கு அப்படித் தோணல. வெட்ட ஆள் கெடைக்கலன்னா கரும்பு வயல்லயே காஞ்சு எடை கொறஞ்சிடும். அத அவுங்க கணக்குல சேக்கல.”

தில்லைநாதன் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். மேலும் பத்து நிமிடம் பேசினார்கள். சத்யப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வந்தால், வினோதினி அதே வங்கிச் சுருக்கத்தை முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள். படித்தது அவள், எழுதியது அவள். உள்ளே போய் வாயைத் திறந்தால் ஐந்தாவதாக ஒப்பிக்க வந்தவள் என்று ஆகிவிடும். சொல்லாமல் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சத்யப்பிரியா தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றாள். ஒரு டம்ளர் முழுவதும் குடித்தாள்.

“வினோ, அந்த நாலு வரிய சொல்லாத. எல்லாரும் ஒப்பிச்சிட்டோம். நீ நெஜமாப் படிச்சத, ஒனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு.”

ஒரு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. இடம் வினோதினிக்கு.

சத்யப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். இரண்டு நாள் வினோதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மெஸ்ஸில் வினோதினியே எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டி எங்கிட்ட சொன்ன? சொல்லாம வுட்டிருந்தா ஒனக்கே கெடச்சிருக்கும்.”

“கெடச்சிருக்கும். நீ காப்பியடிச்சவள்னு அவரு நெனச்சதால கெடச்சிருக்கும். அப்பறம் நான் படிச்சதுக்கு என்னடி மரியாதை?”

சொல்லி முடிப்பதற்குள் சத்யப்பிரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் சென்னைக்குப் போகிறவள்தான் அதிகம் அழுதாள்.