தண்ணீரில் மட்டுமே வடித்தது

அந்த ஆடாதொடை டானிக் பாட்டிலைக் கடையில் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லேபிளில் ஒரு பச்சை இலை, அதன் கீழே ‘தண்ணீரில் மட்டுமே வடித்தது’ என்று கொட்டை எழுத்து. எங்கள் முதலாளி போன மாதம் போய்ச் சேர்ந்தார். திருவண்ணாமலையில் சுவருக்குச் சுவர் போஸ்டர், ‘இயற்கையின் காவலர்’ என்று. செத்தவரைத் திட்டக் கூடாதாம். நான் திட்டுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், வேதியியல் படிப்பு முடித்த கையோடு, அடி அண்ணாமலையில் இருந்த அவருடைய ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். இலையை ரசாயனத்தில் ஊறப்போட்டு மருந்துச் சத்தைப் பிரிப்பார்கள். அந்த நெடியில் மதியத்துக்குள் தலை கிறுகிறுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறவைத்தாலே சத்து இறங்கும், சக்கை வயலுக்கு எருவாகும் என்று மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்து காட்டினேன். மனிதருக்கு வாயெல்லாம் பல். உடனே லேபிள் அச்சாகி வந்துவிட்டது.

“ஆசிரமத்துப் பக்கத்துலேர்ந்து ஃபாரின்காரங்க வந்தா இத காட்டும்மா. மத்த நாளு பழையபடியே ஓட்டுங்க. தண்ணியில செஞ்சா வெறகு ஜாஸ்தி, சரக்கு கம்மி” என்றார். என்ன திமிர்! கழிவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். லாரி வந்து எடுத்துப்போகும் என்றார். நம்பினேன்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அக்காவின் வீடும் கிணறும். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் விற்றுத்தான் அவர் குடும்பம் நடந்தது. மற்ற நாட்களில் மதியம் எங்களுக்கும் ஒரு சொம்பு வரும். முதலாளிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று டம்ளரில் ஊற்றித் தருவார். கொஞ்ச நாளில் அந்த மோரில் ஏதோ வாடை அடிக்கத் தொடங்கியது. கிரிவலம் வந்தவர்கள் காறித் துப்பினார்கள். “கைய கழுவிட்டு மோர் கடையக்கூடாதா?” என்று ஒருவன் முகத்துக்கு நேராகக் கேட்டான். அக்கா பானையைப் புளிபோட்டுத் தேய்த்தார், பால்காரரை மாற்றினார், அழுதார்.

ஒரு பௌர்ணமி சாயங்காலம் ஷெட்டின் பின்பக்கம் போனேன். கழிவுத்தொட்டியின் குழாய் திறந்திருந்தது. கிணற்றுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பாய்ந்துபோய் முதலாளியிடம் கேட்டேன். “ரோடு பூரா கற்பூரமும் சாம்பிராணியும். இன்னிக்கி நெடி யாருக்கும்மா தெரியப்போவுது?” என்று சிரித்தார். பாவி!

நேராக அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“அதான் மூணு மாசமா ஒங்க மொதலாளி தனக்கு மட்டும் மோர் வேணாம்னாரா? சளி புடிச்சிருக்குன்னாரே பாப்பா. பாவமேன்னு கசாயம் வச்சிக்கூட குடுத்தேன். அதயும் தொடல.”

மோர்ப் பானையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கெல்லாம் ஊத்தும்போது பக்கத்துலதான உக்காந்து பாத்துக்கினு இருந்தாரு?”